ஓய்வு வேண்டாத ஓணான்

ஒரு காட்டில், கோப்புகளின் எண்ணிக்கை மரங்களின் எண்ணிக்கையை அண்மையில்தான் தாண்டியிருந்த ஒரு காட்டில், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை ஒன்று இருந்தது. பலவேசம் என்ற கரடி அதற்கு மேலாளர். கொட்டைகளை முதலில் ஒரு பெரிய அடுப்பில் கொட்டி வறுப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் புகை கண்ணைக் கரித்து, தொண்டையைக் கமறவைத்து, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வறுத்த கொட்டைகளை நீளமான ஒரு வேங்கைக் கட்டையின் மேல் பரப்புவார்கள். பன்னிரண்டு மரங்கொத்திகள் அந்தக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை கொத்தி உடைக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்து மலையின் எதிரொலி கூடப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

கட்டையின் கடைசி முனையில், அடுப்புக்கு மூன்று முழம் தள்ளி, ஓர் ஓணான் நின்றுகொண்டிருக்கும். உருண்டு வரும் ஒவ்வொரு பருப்பையும் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டியது அதன் வேலை. பதவியின் பெயர் சரிபார்ப்பாளர்.

ஓணான் தலையாட்டுவது சம்மதத்தால் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நமக்குத் தும்மல் எப்படியோ ஓணானுக்குத் தலையாட்டல் அப்படி. உடம்பு செய்துகொள்வது, உள்ளே இருக்கிற ஆளைக் கேட்டுச் செய்வதில்லை. ஆனால் ஆலை இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. சொத்தைப் பருப்பு வந்தாலும் தலையாட்டல், ஓடு வந்தாலும் தலையாட்டல், ஒருமுறை மரங்கொத்தியின் இறகு வந்தபோதும் தலையாட்டல். ஒன்பது வருடத்தில் ஒரு பருப்பு கூடத் திரும்பிப் போனதில்லை. இதைவிடத் தரமான ஆலை இந்த உலகத்திலேயே கிடையாது என்று பலவேசம் கூட்டங்களில் சொல்லிவந்தது.

ஓணானுக்கு வீட்டில் வைத்த பெயர் தாமோதரன். ஆலையில் எல்லோரும் ஆமோதரன் என்றார்கள். ஆமோதிப்பது என்றால் அடுத்தவர் சொன்னதற்கு ஆம் போடுவது. அந்தச் சொல்லிலிருந்து இப்படி ஒரு பெயர் வருவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. ஆனாலும் ஆலையில் இடம் கிடைத்துவிட்டது.

இந்த வேலையில் தாமோதரனுக்கு ஒரே ஒரு லாபம். ஆலை அதற்கு ஒரு பாறை கொடுத்திருந்தது. பணியாளர் குடியிருப்பில் ஏழாம் எண் பாறை. கிழக்கு பார்த்தது, விடிந்தவுடன் வெயில் ஏறும், பொழுது சாய்ந்தும் சூடு இறங்காது. குளிர் ரத்தக்காரர்களுக்குத் தெரியும் அதன் அருமை. பாறையின் அடியில் இருந்த வெதுவெதுப்பான மணலில் தாமோதரனின் மனைவி வேதவல்லி பதினோரு முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. பொரிக்க இன்னும் இருபது நாள். அதுவரை மணல் குளிரக் கூடாது, முட்டையை இடம் மாற்றவும் கூடாது. புரண்டால் உள்ளே இருப்பது பிழைக்காது.

நிலைமை இப்படி இருக்கும்போது தாமோதரனின் இதயம் தகராறு செய்யத் தொடங்கியது.

ஓணானுக்கு இதயத்தில் மூன்றே அறைகள். ஒன்றில் வேதவல்லி இருந்தது. இன்னொன்றில் பதினோரு முட்டைகள். மூன்றாவது காலியாகத்தான் இருந்தது. அதில் எப்போது என்று தெரியாமல் பன்னிரண்டு மரங்கொத்திகள் குடியேறிவிட்டன. கட்டை அதிரும்போது பாதம் அதிர்ந்தது, பாதம் வழியாக வயிறு அதிர்ந்தது, கடைசியில் இதயம் தன் தாளத்தை விட்டுவிட்டு மரங்கொத்திகளின் தாளத்துக்கே அடிக்க ஆரம்பித்தது. அவை வேகமாகக் கொத்தினால் அது வேகமாக அடித்தது. மத்தியானம் மணி அடித்து அவை சாப்பிடப் போனால், அதுவும் ஒரு கணம் நின்று, யாராவது தொடங்கட்டும் என்று காத்திருந்தது. அந்தக் கணத்தில் தாமோதரனுக்கு உலகம் ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வரும்.

இதை அது வேதவல்லியிடம் சொல்லவில்லை. ஆனால் பாறையில் பக்கத்தில் படுத்திருப்பவளுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒருநாள் காலை வேதவல்லி, "உங்க நெஞ்சுல யாரோ கதவைத் தட்டுறாங்க. இன்னைக்கு டாக்டர்கிட்ட போகலைன்னா நானே உங்க ஆலைக்கு வந்து கரடிகிட்ட பேசுவேன்" என்றது. தாமோதரன் தலையாட்டியது. எதற்கு ஆட்டியது என்று தெளிவில்லாததால் வேதவல்லியே குளக்கரை வரை கூட வந்து விட்டுவிட்டுப் போனது.

காட்டுக்கு இருந்த ஒரே மருத்துவர் எபனேசர் என்ற கொக்கு. பிறக்கும்போதே வெள்ளைக் கோட்டுடன் பிறந்தவர் என்று அதற்குப் பேர். கொக்கு ஓணானைத் தின்னும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள்: ‘இங்கு நோயாளிகள் உண்ணப்படுவதில்லை.’ ஆறுதலுக்காக வைத்த பலகைதான். ஆனால் அதைப் படிக்கும்வரை தாமோதரனுக்கு அந்த நினைப்பே இல்லை. படித்து முடித்ததும் நெஞ்சு இரண்டு மடங்கு அடித்தது.

எபனேசர் வலி இருக்கிறதா என்று கேட்டது. தாமோதரன் தலையாட்டியது. அப்படியானால் வலி இல்லையா என்று கேட்டது. அதற்கும் தலையாட்டியது. ஓணானிடம் போய்க் கேள்வி கேட்டது தன் தப்பு என்று சொல்லிவிட்டு, டாக்டர் தன் நீண்ட அலகைத் தாமோதரனின் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டது. நெடுநேரம் கேட்டது. பிறகு என்ன வேலை, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாக வாங்கியது. புகை ரத்தக் குழாய்களை இறுக்குவதையும், சூடு உடம்பின் நீரை வற்றவைத்து இதயத்துக்கு இரட்டை வேலை கொடுப்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னது.

"ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய ஆள் அந்தச் சத்தம்தான் தம்பி" என்றது. "சத்தம் காதோட நின்னுடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. காது கேட்டுட்டு மறந்துடும். இதயம் மறக்காது. ஒவ்வொரு அடிக்கும் யாரோ துரத்துறாங்கன்னு நினைச்சு ஓடிக்கிட்டே இருக்கும். ஒன்பது வருஷமா நீ நின்ன இடத்துலயே ஓடிட்டிருக்கே. பதினஞ்சு நாள் அந்தப் பக்கமே போகாதே. பாறையில படுத்து வெயில் காய். இல்லேன்னா பதினாறாவது நாள் நீ என்கிட்ட வரமாட்டே, உன்னைத்தான் கொண்டுவருவாங்க."

பிறகு சீட்டு எழுதியது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலால் எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதினால் நிலை தடுமாறிக் குளத்தில் விழுந்துவிடும். அதனால் எபனேசரின் சீட்டுகள் எப்போதும் இரண்டு சொல்தான். தாமோதரனின் சீட்டில் இப்படி இருந்தது:

உடனே ஓய்வு.

சீட்டை எடுத்துக்கொண்டு தாமோதரன் ஆலை அலுவலகத்துக்குப் போனது. அங்கே தலைமை எழுத்தர் ஓர் ஆமை. பெயர் சடகோபன். ஒரு கோப்பை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தன் முதுகில் சுமந்து போக ஒரு பருவம் எடுத்துக்கொள்ளும். ஆனால் படிப்பதில் அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிவந்து பார்க்கும்.

தமிழில் ஓய்வு என்பது கொஞ்சம் தாராளமான சொல். மத்தியானம் கால்மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வதும் ஓய்வு. வயதான பிறகு மாலை போட்டு, வாசல்வரை வந்து, இனி வராதீர்கள் என்று கும்பிட்டு அனுப்புவதும் ஓய்வு. இரண்டுக்கும் நடுவே ஒரு வாழ்நாள் கிடக்கிறது. அந்தத் தூரத்தைச் சடகோபன் ஒரே மூச்சில் கடந்தது.

"ஓய்வு பெறப் போறீரா? சந்தோஷம்" என்றது.

பதினைந்து நாள் மட்டும் என்று தாமோதரன் தெளிவாகத்தான் சொன்னது. ஆனால் சொல்லும்போது தலை ஆடியது.

"பதினஞ்சு நாள் வேணும்னா டாக்டர் விடுப்புன்னு எழுதியிருப்பாரே. ஓய்வுன்னு எழுதியிருக்கார். மெத்தப் படிச்சவர் தெரியாமலா எழுதுவார்? அதுவும் உடனேன்னு போட்டிருக்கு. உமக்குச் சம்மதம்தானே?"

தாமோதரனின் தலை, தாமோதரனைக் கேட்காமல், மூன்று முறை ஆடியது. சடகோபன் ‘பணியாளர் சம்மதித்தார்’ என்று குறித்துக்கொண்டது. மூன்று முறை என்பதையும் குறித்துக்கொண்டது.

ஆமையிடம் சிக்கிய காகிதம், எப்படியும் அடுத்த மழைக்காலம் வரை நகராது. அதற்குள் டாக்டரிடம் இரண்டு சீட்டில் நான்கு சொல்லாக எழுதி வாங்கிவிடலாம் என்று தாமோதரன் தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பியது. மற்ற எந்தக் காகிதமாக இருந்தாலும் அந்தக் கணக்குச் சரிதான். ஆனால் அந்த அலுவலகத்தில் ஓய்வு பெறும் கோப்பு ஒன்று, எல்லாக் கையெழுத்துகளும் முடிந்து, ஆள் இல்லாமல் தயாராகக் கிடந்தது. அது அடுப்படியில் விறகு தள்ளிய காட்டுப்பன்றி மாடசாமிக்காகத் தயாரானது. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மாடசாமி புகைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, பிறகு எழவில்லை. ஓய்வாணை, வாழ்த்துரை, மடிப்புக் கலையாத ஒரு பொன்னாடை எல்லாம் மேஜை இழுப்பறையில் அப்படியே இருந்தன. சடகோபன் செய்ய வேண்டியிருந்தது, மாடசாமி என்பதை அடித்துவிட்டு மேலே தாமோதரன் என்று எழுதுவது மட்டும்.

மறுநாளே ஆணை பாறைக்கு வந்து சேர்ந்தது. நாளை மாலை பிரிவு உபசார விழா. மூன்று நாளில் ஏழாம் எண் பாறையைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும்.

வேதவல்லி ஆணையை இரண்டு தடவை படித்தது. பிறகு மணலைப் பார்த்தது.

"உங்களைக் கேட்டாங்களா?"

தாமோதரன் தலையாட்டியது.

"நீங்க தலையாட்டினீங்களா?"

தாமோதரன் தலையாட்டியது.

வேதவல்லி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. மணலின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு சொன்னது: "இருபது நாள்ல இப்போ ரெண்டு போச்சு. இன்னும் பதினெட்டு. நம்ம கல்யாணத்துலேர்ந்து நீங்க யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. இந்தப் பதினோரு பேருக்காக. அதுக்கப்புறம் ஆயுசு பூரா தலையாட்டிக்கோங்க."

அன்று முழுக்கத் தாமோதரன் பாறையின் மறைவில் ஒத்திகை பார்த்தது. தலையைப் பக்கவாட்டில் அசைக்க முயன்றது. கழுத்து ஒத்துழைக்கவில்லை. இடப்பக்கம் திருப்பினால் அங்கே போய் மேலும் கீழும் ஆடியது. வலப்பக்கம் திருப்பினால் அங்கேயும் அதே. இனி வாயைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவு செய்தது.

விழாவுக்கு ஆலை முழுக்க வந்திருந்தது. இதயம் என்ற சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்கி அந்தக் காடு பார்த்ததில்லை. மரங்கொத்திகளின் தலைவர் கொண்டையப்பன், இதயம் கனிந்த வாழ்த்துகள் என்றது. கிடங்குக் காப்பாளரான கீரி, இதயத்தின் அடியாழத்திலிருந்து நன்றி என்றது. தாமோதரன் எங்கள் எல்லோர் இதயத்திலும் என்றும் வாழ்வார் என்று சடகோபன் சொன்னபோது, வாழ வேண்டிய ஆளின் சொந்த இதயம் மேடையில் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை. கடைசியாகப் பலவேசம் வாழ்த்துரையைப் படித்தது. மாடசாமிக்கு எழுதிய உரை. பெயர் மட்டும் மாறியிருந்தது. தாமோதரன் தமது கனத்த சரீரத்தாலும் கூரிய கோரைப் பற்களாலும் ஆலைக்கு ஆற்றிய தொண்டை மறக்க முடியாது என்று கரடி உருக்கமாகப் படிக்க, ஒரு சாண் நீளமுள்ள ஓணான் பொன்னாடைக்குள் எங்கோ தொலைந்துபோயிருந்தது. கூட்டம் கைதட்டியது.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். தாமோதரன் பொன்னாடையிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தது. அதன் கழுத்து சிவந்துவிட்டது. ஓணானுக்குக் கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் கழுத்து சிவக்கும். கூட்டம் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டது. தலை ஆடியது. முன்வரிசையில் வேதவல்லி கண்ணை மூடிக்கொண்டது. தாமோதரன் தன் தாடையை இரண்டு முன்னங்கால்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆடாத தலையுடன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது:

"எனக்கு ஓய்வு வேண்டாம்."

பலவேசம் எழுந்து தாமோதரனைக் கட்டிக்கொண்டது. முப்பது வருட நிர்வாக வாழ்க்கையில் இப்படி ஒரு பணியாளரைப் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. கண்ணீரில் பாதி அடுப்புப் புகையால் வந்தது. ஓய்வாணையை அங்கேயே ரத்து செய்யும்படி சொன்னது. சடகோபன் தாமோதரன் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பொன்னாடையையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டது.

பாறை பிழைத்தது. வீடு திரும்பும் வழியில் வேதவல்லி தாமோதரனின் முதுகில் வாலைப் போட்டுக்கொண்டு நடந்தது. திருமணமான புதிதில்தான் அப்படி நடந்திருக்கிறது.

மறுநாள் காலை, கட்டையின் முனையில் புதிய ஆணை ஒட்டியிருந்தது. சரிபார்ப்பாளர் தாமோதரன் தமக்கு ஓய்வு வேண்டாம் என்று பொதுமேடையில் தெரிவித்துள்ளபடியால், அன்னாரின் ஓய்வு அனைத்தும் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது.

அனைத்தும் என்ற சொல்லைச் சடகோபன் வெறுமனே போடவில்லை. மத்தியானம் அரைமணி நேர ஓய்வு ரத்து. வார ஓய்வு ரத்து. ஓய்வறையின் சாவியையும் வந்து வாங்கிக்கொண்டு போனது. மாலையில் வீட்டுக்குப் போவதை மட்டும் விட்டுவைத்தது. விதிகளில் அதற்கு ஓய்வு என்று பெயரில்லை, பணி முடித்தல் என்று பெயர். சொல்லுக்குச் சொல் நேர்மையான ஆமை.

அதோடு நின்றிருந்தால் கெட்டது தாமோதரனின் இதயம் ஒன்றுதான். ஆனால் சரிபார்ப்பாளர் பணியில் இருக்கும்போது சரிபார்க்கப் பருப்பு வர வேண்டும். பருப்பு வர வேண்டுமானால் கொட்டை உடைபட வேண்டும். ஆகவே மத்தியான மணி பிரிவு முழுவதற்கும் நின்றுபோனது. பன்னிரண்டு மரங்கொத்திகளும் சாப்பாட்டு நேரத்திலும் கொத்தின, வார ஓய்வு நாளிலும் கொத்தின.

முதல் நாள் அவை தாமோதரனைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பார்த்துப் பல்லைக் கடித்தன. பல் இல்லாததால் கட்டையைக் கடித்தன. அதிர்வு கூடியது. தாமோதரனின் நெஞ்சு இப்போது இடைவெளியே இல்லாமல் அடித்தது. மாலையில் பாறைக்குத் திரும்பினால் படுத்த பிறகும் உடம்பு துள்ளியது. வேதவல்லி அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மணலைத் தட்டிச் சமன் செய்யும். முட்டைக்கு இன்னும் பதிமூன்று நாள் இருந்தது. டாக்டர் சொன்ன பதினாறாவது நாளுக்குப் பத்து நாள். எது முந்தும் என்று தாமோதரனும் வேதவல்லியும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் கொண்டையப்பன் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கட்டையின் முனைக்கு நடந்து வந்தது. அது தெற்குச் சரிவில் பிறந்த பறவை. யாரையும் ஓய் என்றுதான் கூப்பிடும். நின்றுபோ என்று கட்டளையிடுவதற்கும் அதே சொல்தான் என்பதால் தாமோதரனின் இதயம் ஒவ்வொரு முறையும் திடுக்கிடும்.

"ஓய் ஆமோதரா. உமக்கு ஓய்வு வேண்டாம்னா வேண்டாம்னு இரும். எங்க ஓய்வுல ஏன் ஓய் மண்ணைப் போட்டீர்?"

தாமோதரன் தலையாட்டியது.

"பாரு, ஆமாங்கிறான். வேணும்னே செஞ்சீரா?"

தாமோதரன் தலையாட்டியது.

கட்டையிலிருந்த மற்றப் பதினொன்றும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. அவற்றின் அலகுகள் காய்ந்த கொட்டையைப் பிளக்கும் அலகுகள். ஓணான் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாமோதரனுக்கு ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. ஆனால் கொண்டையப்பனுக்கும் அடிக்கத் தெம்பில்லை. அது தொப்பென்று உட்கார்ந்து சிறகால் மார்பைத் தடவிக்கொண்டது.

"எனக்கும் நெஞ்சு சரியில்ல ஓய். ரெக்கைக்குள்ள படபடங்குது. ராத்திரி கூட்டுல படுத்தா கூடு ஆடுது. நம்ம பயலுக எல்லாத்துக்கும் இதே கதைதான். நாங்களும் போய் அந்தக் கொக்கு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிடட்டுமா?"

தாமோதரன் தலையாட்டியது. தலையும் அதன் சொந்தக்காரரும் ஒரே கருத்தில் இருந்த முதல் சந்தர்ப்பம் இதுவே.

அன்று மாலையே பன்னிரண்டு மரங்கொத்திகளும் குளக்கரையில் வரிசையில் நின்றன. எபனேசர் ஒவ்வொன்றின் மார்பிலும் அலகை வைத்துக் கேட்டது. சத்தம் போடுகிறவனுக்கும் சத்தம் கேட்கும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்று பெருமூச்சு விட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி பன்னிரண்டு சீட்டு எழுதியது. எல்லாவற்றிலும் இரண்டே சொல்.

மறுநாள் சடகோபன் சீட்டுகளைச் சுற்றிவந்து படித்தது. இந்த முறை யோசிக்கவே தேவையிருக்கவில்லை. முன்மாதிரி இருந்தது. தயாரான கோப்பு இருந்தது. தாமோதரன் என்பதை அடித்துவிட்டுக் கொண்டையப்பன் என்று எழுதியது. மற்றவர்களுக்குப் பிரதி எடுத்தது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா, தாமோதரனைப் போல மேடையில் வந்து வேண்டாம் என்பீர்களா என்று விசாரித்தது. மரங்கொத்திகளுக்கு ஆலை பாறை எதுவும் கொடுத்திருக்கவில்லை. காட்டில் எந்த மரமும் அவற்றுக்கு வீடுதான். ஆட்சேபம் இல்லை என்று பன்னிரண்டும் ஒரே குரலில் சொல்லின. இருந்த ஒரே பொன்னாடை விழா மேடையில் ஒரு கழுத்திலிருந்து அடுத்த கழுத்துக்கு நகர்ந்து, பன்னிரண்டாவது கழுத்திலிருந்து மேஜை இழுப்பறைக்குத் திரும்பியது. மாடசாமியின் இடத்துக்கு இன்னும் ஆள் வராததால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பலவேசம், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டது. பன்னிரண்டும் கும்பிட்டுவிட்டுப் பறந்துபோயின.

அடுத்த நாள் காலை தாமோதரன் கட்டையின் முனையில் ஏறி நின்றது.

சத்தம் இல்லை.

ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு காலை வந்ததில்லை. தாமோதரனின் இதயம் வழக்கம்போலத் தாளத்துக்காகக் காத்திருந்தது. யாரும் தொடங்கவில்லை. அது இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. ஓரங்கள் கறுத்தன. கட்டை கறுத்தது, அடுப்பு கறுத்தது, கடைசியில் நடுவே எஞ்சியது ஒரு வெயில் பட்ட புள்ளி மட்டும். பதினாறாவது நாள் முந்திக்கொண்டது என்று தாமோதரன் நினைத்தது. பதினோரு முட்டைகளை ஒவ்வொன்றாக நினைக்கத் தொடங்கி, நான்காவதில் இருக்கும்போது மார்புக்குள் தொம் என்று ஒரு அடி கேட்டது. நீண்ட இடைவெளி. இன்னொரு தொம். மூன்றாவது அறை காலியாகிவிட்டதை இதயம் மெல்லப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேறு வழியில்லாமல், தன் சொந்தத் தாளத்தை நினைவுபடுத்திப் போட ஆரம்பித்தது. சுதி கொஞ்சம் பிசகியிருந்தது. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

கரடி அறையிலிருந்து தலையை நீட்டியது.

"என்ன சடகோபன், சத்தத்தைக் காணோம்?"

"எல்லாருக்கும் ஓய்வு கொடுத்தாச்சு சார்."

"எவ்வளவு நேரம்?"

"முழுசா சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

பலவேசம் தன் கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தது. தன்னுடையதுதான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. உடைக்க ஆளில்லாததால் வறுப்பது நின்றது; வறுப்பது நின்றதால் புகை நின்றது. தாமோதரனை மட்டும் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. ஓய்வு வேண்டாம் என்று பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே தினமும் காலையில் வந்து, வெயில் விழும் கட்டையில் வயிற்றைப் பரப்பி, வராத பருப்புகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட நாளில் மணல் அசைந்து பதினோரு தலைகள் வெளியே வந்தன. வேதவல்லி எண்ணிப் பார்த்தது. பதினொன்றும் ஆடின.

அதற்கு முன்பே, பதினாறாவது நாள் தாமோதரன் தன் காலாலேயே நடந்து குளக்கரைக்குப் போனது. பலகையை நிதானமாகப் படித்தது. நெஞ்சில் ஒரு மாற்றமும் இல்லை. எபனேசர் அலகை வைத்துக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தது.

"ஓய்வு அருமையா வேலை செஞ்சிருக்கு தம்பி. எத்தனை நாள் எடுத்தே?"

"ஒருநாள் கூட எடுக்கலை டாக்டர்" என்றது தாமோதரன், தலையாட்டிக்கொண்டே.

அந்த மாத அறிக்கையில் பலவேசம் எழுதியது: ஆலையில் உடைந்த பருப்புகளில் குறைபாடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, பணியிடச் சத்தம் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது, பணியாளர் அனைவரின் இதயமும் நலம். மூன்றும் உண்மை. காடு அந்த ஆலைக்கு அந்த ஆண்டின் சிறந்த பணியிடம் என்று கேடயம் கொடுத்தது.

புதிய மரங்கொத்திகளை நியமிப்பதற்கான கோப்பை முதுகில் ஏற்றிக்கொண்டு சடகோபன் மேலாளர் அறையை நோக்கிக் கிளம்பியிருக்கிறது. பெயரை மட்டும் அடித்துத் திருத்தும் வசதி அந்தக் கோப்பில் இல்லாததால் நடை வழக்கமான நடைதான். கடைசியாகப் பார்த்தபோது தன் மேஜையின் மூன்றாவது காலைத் தாண்டியிருந்தது.

நீதி: இதயத்துக்கு ஓய்வு நல்லது; அது பக்கத்து இருக்கைக்காரரின் ஓய்வாக இருந்தால் மிக மிக நல்லது.